பாட்டுக்கடன்

கடன்களிற் பலவகை உண்டு. கைமாற்றாக வாங்கிய கடன், கடையிற் பற்று வைத்த கடன், பெற்றோருக்குப் பிள்ளை ஆற்றவேண்டிய கடன், ஆசிரியருக்கு மாணாக்கன் செலுத்தவேண்டிய கடன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பணக்கடனுக்குத் தவணை உண்டு. கொடுத்தவன் வாசலில் வந்து நின்று அதனை நினைவூட்டுவான். வாசலில் எவரும் வந்து நின்று கேளாத கடன் ஒன்றும் உண்டு. அதுவே பாட்டுக்கடன். பிறர் பாடிய பாட்டைக் கேட்டு, அக்கேள்வியாலேயே பாடகனாகி, பேரும் பொருளும் ஈட்டிய ஒருவன், தனக்குப் பாட்டைத் தந்தவர்க்கு எதைக் கொடுப்பது? எப்பொழுது கொடுப்பது? உலகப் புகழ்பெற்ற ஓர் இசைக்குழு தன் முதுமையில் இவ்வினாவுக்கு அளித்த விடையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

றோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலேய றொக் இசைக்குழுவின் பெயரைக் கேளாத மாணவர் அரியர். அக்குழு முதன்முதலாக அப்பெயருடன் மேடையேறியது 1962ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12ஆந் திகதி, லண்டன் மாநகரின் மார்க்கீ கிளப்பில். அன்று மிக் ஜகர், கீத் றிச்சர்ட்ஸ் ஆகிய இருவருக்கும் வயது பதினெட்டு. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 'ஹக்னி டயமன்ட்ஸ்' என்னும் இசைத்தட்டை அவர்கள் வெளியிட்டபோது, முன்னவருக்கு வயது எண்பது. பின்னவருக்கு எண்பது நிரம்ப இரண்டு மாதங்களே குறைவு. இக்குழுவின் புதிய சொந்தப் பாடல்களைக் கொண்ட தட்டு ஒன்று வெளிவந்து அப்பொழுது பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. மோட்டார் வண்டிகளின் கண்ணாடியை உடைத்துத் திருடுவோர் சென்றபின், தெருவிற் சிதறிக் கிடந்து மின்னும் சில்லுகளுக்கு லண்டன்வாசிகள் இட்ட பரிகாசப் பெயர்தான் 'ஹக்னி வைரங்கள்' என்பது.

நாவலப்பிட்டிக்கும் அட்டனுக்கும் இடையில், வட்டவளையை அடுத்துள்ள எங்கள் றொசல்லைக்கு இந்த இசைத்தட்டு என் தம்பியின் பேரன் மூலமாக வந்து சேர்ந்தது. அவன் அட்டனில் உயர்தர வகுப்புப் படிப்பவன். கிட்டார் வாசிக்கவும் பழகியவன். "தாத்தா, இதைக் கொஞ்சம் கேளுங்க. இவங்களுக்கு உங்களைவிட வயசு கூட" என்று கூறி, தன் கைத்தொலைபேசியை என் பக்கத்தில் வைத்தான். தகரத்தின் மேல் மழை கொட்டும் ஓசைக்குச் சற்றும் இளைக்காத ஆரவாரத்துடன் பதினொரு பாடல்கள் ஒலித்தன. எண்பது வயதில் ஒருவர் இத்தனை உரத்துப் பாட முடியுமா என்ற வியப்பைத் தவிர, அவை எனக்கு வேறொன்றும் செய்யவில்லை என்றே சொல்வேன்.

பன்னிரண்டாவது பாட்டு வந்தது. முரசு இல்லை, துணைவாத்தியக்காரர் எவரும் இல்லை. ஒரு கிட்டார், ஒரு மவுத் ஓர்கன், ஒரு குரல். அவ்வளவுதான். அக்குரல் ஓர் அடியைச் சொல்லி நிற்கின்றது; கிட்டார் அதற்கு மறுமொழி கூறுகின்றது; மீண்டும் குரல் எழுகின்றது. ஆங்கிலச் சொற்கள் பல எனக்கு விளங்கவில்லை. ஆயினும் அந்தப் போக்கு எனக்குப் புதியதன்று. மலையில் ஒருத்தி ஓரடி எடுத்துக்கொடுக்க, அடுத்த நிரையில் நிற்பவள் மறுமொழியாக அடுத்த அடியைப் பாடும் வழக்கத்தை நான் சிறுவயதிற் கேட்டவன். "தம்பி, இது தோட்டத்துப் பாட்டாக அல்லவா இருக்கிறது?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். பின்னர் இருவருமாக அப்பாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அது மெய்யாகவே தோட்டத்துப் பாட்டுத்தான்.

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி மாநிலம் இருக்கின்றது. அங்கே கிளாக்ஸ்டேல் என்னும் ஊருக்கு அருகில் ஸ்டோவல் என்னும் பருத்தித் தோட்டத்தில், தன் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர் மக்கின்லி மோகன்ஃபீல்ட் என்னும் கறுப்பினத்தவர். சேற்றில் விளையாடித் திரிந்த பேரனுக்குப் பாட்டி இட்ட செல்லப்பெயர் நிலைத்துப்போகவே, மடி வாட்டர்ஸ், அதாவது சேற்றுநீர், என்று உலகம் அவரை அறிந்தது. அவர் பருத்தி எடுத்தார். தோட்டத்து உழவு இயந்திரத்தை ஓட்டினார். சனிக்கிழமை இரவுகளிற் பாடினார். 1941ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்காக நாட்டுப்பாடல்களைத் திரட்டிவந்த அலன் லோமக்ஸ் என்பவரும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வேர்க் என்பவரும் அத்தோட்டத்துக்குச் சென்று, மோகன்ஃபீல்டின் குடிசையிலேயே அவருடைய பாட்டைப் பதிவு செய்தனர். தன் குரலைத் தானே தட்டிற் கேட்ட அந்த உழைப்பாளிக்குத் தன்னாலும் முடியும் என்ற துணிவு பிறந்தது. 1943இல் அவர் தோட்டத்தை விட்டுச் சிக்காகோ நகருக்குப் புகைவண்டி ஏறினார். 1950இல் அங்குள்ள செஸ் நிறுவனத்துக்காக 'றோலின் ஸ்டோன்' என்னும் பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். பழமொழியில் வரும் உருளுங்கல் அது. ஓரிடத்தில் நிலைத்து நில்லாதவன் கதை. அப்பாட்டும் முழுதாக அவருடையதன்று. மிசிசிப்பித் தோட்டங்களில் அதற்கு முன்பே வழங்கிவந்த ஒரு பழம்பாட்டின் அடிப்படையில் எழுந்ததே அது.

அந்தத் தோட்ட வாழ்வைப் பற்றிப் படிக்கப் படிக்க, நமது மலைகளின் பழங்கதையே வேறு மொழியில் எழுதப்பட்டுள்ளதோ என்று தோன்றிற்று. அங்கே குடியானவன் முதலாளியின் நிலத்திற் பாடுபட்டு, விளைவிற் பங்கு பெறுவான். விதையும் உணவும் துணியும் தோட்டத்துக் கடையிற் கடனாகக் கிடைக்கும். ஆண்டு முடிவிற் கணக்குப் பார்க்கும்போது, பங்கைக் காட்டிலும் பற்று மிகுந்திருக்கும். கடன் தீராமையால் தோட்டத்தை விட்டு அசைய முடியாது.

நமது முன்னோர் நிலையும் இதற்கு நெருங்கியதே. கங்காணியிடம் முற்பணம் பெற்றுக் கடல் கடந்தவர், மலைக்கு வந்து சேர்ந்த அன்றே கடனாளியாயிருந்தனர். அக்கடனைக் குறித்துக் கொடுக்கப்பட்ட சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக விரும்புகின்றவனின் கடனை அத்தோட்டத்தார் ஏற்றுக்கொண்டாலன்றி அவனாற் போக இயலாது. மனிதன் ஒரு துண்டுக் காகிதத்திற் கட்டுண்டு கிடந்தான். இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் முன்னோர் விலைக்கு விற்கப்பட்ட அடிமைகள். நம்மவர் அவ்வாறு விற்கப்பட்டவர் அல்லர். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தகாது. ஆயினும் கடனாற் கட்டிவைக்கப்பட்ட மனிதர் இரு நாட்டிலும் பாடினர். அவர்களிடம் எவரும் பறிக்க இயலாத உடைமை அந்தப் பாட்டு ஒன்றே.

அப்பாட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து லண்டன் சிறுவரிடம் சேர்ந்த வரலாறு சுவையானது. 1961ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒருநாட் காலை, டார்ட்ஃபோர்ட் புகைவண்டி நிலையத்தில் மிக் ஜகர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்று மடி வாட்டர்ஸின் பாட்டுகள் அடங்கியது. சிறுவயதில் உடன்படித்த கீத் றிச்சர்ட்ஸ் அதனைக் கண்டு அருகில் வந்து பேச்சுக் கொடுத்தார். அங்கேதான் அவ்விருவரின் கூட்டுத் தொடங்கியது. அடுத்த ஆண்டு குழு அமைத்தபோது, அதன் தலைவராயிருந்த பிறயன் ஜோன்ஸ் மடி வாட்டர்ஸின் அந்தப் பாட்டுத் தலைப்பையே குழுவின் பெயராக்கினார். பருத்தித் தோட்டத்து உழைப்பாளியின் பாட்டுத் தலைப்பு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் சுவரொட்டிகளில் அச்சேறி வருகின்றது. பாட்டுக்கு மாத்திரமன்றிப் பெயருக்கும் அவர்கள் கடன்பட்டவர்கள்.

கடனை அவர்கள் மறந்தனரா? நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் வரவும் உண்டு, செலவும் உண்டு.

முதலில் நற்செயலைச் சொல்வோம். 1964ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த அவர்களது முதலாவது பெருந்தட்டில் பன்னிரண்டு பாடல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்பது பிறர் பாட்டுகள். பெரும்பாலானவை கறுப்பினக் கலைஞர் பாடியவை. அவ்வாண்டு டிசெம்பரில், வில்லி டிக்சன் என்பவர் இயற்றி ஹவுலின் வுல்ஃப் என்பவர் பாடியிருந்த ஒரு புளூஸ் பாட்டைத் தாம் பாடி, இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றனர். 1965இல் 'ஷிண்டிக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோது, அந்த ஹவுலின் வுல்ஃபையும் அழைக்கவேண்டும் என்று வற்புறுத்தினர். பெரியவர் வந்து பாடினார். இளைஞர் அவரது காலடியில் அமர்ந்து கேட்டனர். அமெரிக்க வெள்ளையர் பலர் தம் நாட்டுப் பெரும் பாடகர் ஒருவரை அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். 1981ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சிக்காகோவின் ஒரு சிறு மண்டபத்தில் மடி வாட்டர்ஸ் பாடிக்கொண்டிருந்த மேடைக்கே சென்று அவருடன் சேர்ந்து பாடினர். அதன்பின் இரண்டாண்டுகள் நிரம்புமுன் அவர் காலமானார்.

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். 1968இல் வெளிவந்த ஒரு தட்டில், விவிலியத்தில் வரும் ஊதாரி மைந்தன் கதையைக் கூறும் பாட்டு ஒன்று இருந்தது. அது றொபேட் வில்கின்ஸ் என்னும் கறுப்பினப் பாதிரியாருடையது. முதலில் அச்சான உறைகளில் ஜகரும் றிச்சர்ட்ஸும் அதனை இயற்றியதாகக் காணப்பட்டது. வில்கின்ஸ் அப்பொழுது உயிரோடிருந்தவர். 1969இல் வெளிவந்த தட்டில், இருபத்தேழு வயதில் மறைந்த றொபேட் ஜோன்சன் என்னும் மாபெரும் புளூஸ் பாடகரின் பாட்டு இடம்பெற்றது. இயற்றியவர் பெயராக அங்கே வேறொரு பெயர் அச்சாயிற்று. பின்னர் வழக்கு நடந்தது. அப்பாட்டு எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க பொதுச்சொத்தன்று என 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. பாடியவன் பெயரை விட்டுவிட்டுப் பாட்டை மாத்திரம் எடுத்துக்கொள்வது, விளைத்தவனை விட்டுவிட்டு விளைவை மாத்திரம் எடுத்துக்கொள்வது போன்றது. தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இதனை எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

கணக்கு அத்தோடு முடியவில்லை. 1997இல் வெர்வ் என்னும் குழுவினர் பாடிப் புகழ்பெற்ற பாட்டில், ஸ்டோன்ஸ் குழுவின் பழைய பாட்டொன்றின் வாத்திய வடிவத்திலிருந்து ஒரு சிறு பகுதி எடுத்தாளப்பட்டிருந்தது. அதனால் அப்பாட்டின் உரிமை ஜகர், றிச்சர்ட்ஸ் பெயர்களுக்குப் போயிற்று. அந்தப் பழைய பாட்டோ, கறுப்பின மக்கள் பாடிவந்த ஓர் ஆலயப் பாட்டைத் தழுவியது! கடன் வாங்கியவர் கடன் கொடுத்தவராகி அமர்ந்த வேடிக்கை இது. 2019ஆம் ஆண்டில், அவ்வுரிமையை அப்பாட்டை எழுதிய றிச்சர்ட் ஆஷ்கிறொஃப்டுக்கே இருவரும் விட்டுக்கொடுத்தனர். முதுமை மனிதனைக் கணக்குத் தீர்க்கத் தூண்டுகின்றது போலும்.

பிறர் பாட்டை எடுத்துப் பாடுவது குறைவான செயல் என்று எண்ணுவோர் உளர். நமது இலக்கண மரபு அவ்வாறு எண்ணவில்லை. நூல்களை முதனூல், வழிநூல் என்று வகுத்தனர் தொல்லாசிரியர். பவணந்தி முனிவர் நன்னூலில் வழிநூலுக்கு வகுத்த இலக்கணம் எண்ணியெண்ணி இன்புறத்தக்கது. முன்னோர் நூலின் முடிவோடு அது ஒத்திருக்க வேண்டும். பின்வந்தவன் தான் விரும்பும் வேறுபாட்டையும் அதிற் சேர்க்கலாம். மரபு அழியாமலும் இருக்கவேண்டும். ஒப்புதல், வேறுபடுதல், அழியாது காத்தல் என்ற மூன்றும் இருந்தால் அது வழிநூல். வான்மீகியைப் பின்பற்றிய கம்பனை எவரும் இரவற்காரன் என்று இகழ்வதில்லை. ஆதலின், மூலப்பாட்டைத் தழுவித் தம் முறையிற் பாடுவதை 'வழிப்பாட்டு' என்று நாம் அழைக்கலாம். வழிப்பாட்டுக்கு ஒரு நிபந்தனைதான் உண்டு: முதல்வன் இன்னான் என்பதை மறையாதிருத்தல். வான்மீகியின் பெயரைக் கம்பன் மறைக்கவில்லை.

ஸ்டோன்ஸ் குழுவின் முதுமைக் காலத்துத் தட்டுகள் இரண்டையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்கவேண்டும். 2015ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர்கள் லண்டன் நகரின் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றது, புதிய சொந்தப் பாடல்களைப் பதிவு செய்வதற்காக. கூடம் புதிது, ஓசை பிடிபடவில்லை. கைப்பழக்கத்துக்காக ஒரு பழைய புளூஸ் பாட்டை வாசித்துப் பார்த்தனர். அது நன்றாக அமையவே இன்னொன்றைப் பாடினர், பின் மற்றொன்று. மூன்றே நாட்களிற் பன்னிரண்டு பாட்டுகள் பதிவாகிவிட்டன. பக்கத்துக் கூடத்தில் வேலையாயிருந்த எரிக் கிளப்டன் இரண்டு பாட்டுகளுக்குக் கிட்டார் வாசித்தார். பன்னிரண்டும் பிறர் பாட்டுகளே. 'புளூ அண்ட் லோன்சம்' என்னும் பெயரோடு 2016இல் அத்தட்டு வெளிவந்தது. சொந்தப் பாட்டுத் தடைப்பட்டு நின்ற வேளையில், முன்னோர் பாட்டு கைகொடுத்தது. வரண்ட காலத்தில் ஊற்றைத் தேடி மேலே ஏறுவது போன்றது இது.

முரசு வாசித்த சார்லி வொட்ஸ் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் காலமானார். அறுபது ஆண்டுகள் அருகில் அமர்ந்திருந்த தோழன் போனபின், எஞ்சியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்றே பலரும் எண்ணினர். அவர்களோ மீண்டும் கூடத்துக்குள் நுழைந்தனர். 'ஹக்னி டயமன்ட்ஸ்' தட்டின் பன்னிரண்டு பாட்டுகளில் இரண்டில் சார்லி முன்னரே வாசித்து வைத்த முரசொலி கேட்கின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் குழுவை விட்டு விலகிய பில் வைமன் ஒரு பாட்டுக்கு வந்து வாசித்தார். ஒருகாலத்திற் போட்டியாளராய்க் கருதப்பட்ட பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி இன்னொன்றுக்கு வந்தார். ஸ்டீவி வொண்டர், எல்ட்டன் ஜோன், லேடி காகா ஆகியோரும் கலந்துகொண்டனர். உறவினர் யாவரும் வந்து கூடும் மணவீடு போன்று பதினொரு சொந்தப் பாட்டுகள். அத்தனை பேரும் விடைபெற்றுச் சென்றபின், வீட்டுக்காரர் இருவர் மாத்திரம் திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்று அந்தப் பன்னிரண்டாவது பாட்டு. மடி வாட்டர்ஸ் 1950இற் பாடிய 'றோலின் ஸ்டோன்' தான் அது. தமக்குப் பெயர் தந்த பாட்டை, அறுபத்தோர் ஆண்டுகள் கழித்து, அவர்கள் முதன்முதலாகத் தட்டிற் பதித்தனர்.

கணக்கைப் பாருங்கள். 1964இற் பன்னிரண்டில் ஒன்பது பிறர் பாட்டு. இரவல் வாங்கிப் பயின்ற பருவம். 2016இற் பன்னிரண்டும் பிறர் பாட்டு. ஊற்றைத் தேடிச் சென்ற பருவம். 2023இற் பதினொன்று சொந்தம், ஒன்று முன்னோருடையது. அந்த ஒன்றையும் முகப்பில் வைக்கவில்லை. எல்லாம் முடிந்தபின், வணக்கம் கூறுவது போல் இறுதியில் வைத்தனர். இயற்றியவர் பெயரையும் ஒழுங்காகக் குறித்தனர். பழைய பிழைகள் யாவும் இதனாற் கழுவப்பட்டன என்று நான் கூறமாட்டேன். ஆனால் கடனை ஒத்துக்கொள்வது கடனடைப்பின் முதற்படி அல்லவா?

இனி நமது பக்கம் திரும்புவோம். அதே 2023ஆம் ஆண்டில்தான், நம் முன்னோர் இந்த நாட்டின் மலைகளுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தமையை நாம் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில், அன்று அவர்கள் நடந்த வழியே ஒரு நடைபவனியும் நிகழ்ந்தது. அந்தப் பாதையில் நடந்தவர்கள் கொண்டுவந்த பொதியில் உடுதுணியும் சட்டிபானையும் இருந்தன. பொதியில் அடங்காத பாட்டும் இருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் வந்தன. மாசி மாதத்தில் மன்மதனை எரித்து ரதியைப் புலம்ப வைக்கும் காமன் கூத்து வந்தது. இங்கே வந்தபின் புதுப்பாட்டும் பிறந்தது. என் அப்பாயி பாடும் பாட்டுகளில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் வந்துபோவர். பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தை அழும்; கூடை நிறையாமல் அரைப்பேர் விழும்; அட்டை கடிக்கும்; மழை விடாது. எதிரே நின்று கூற முடியாத ஏச்சுகளையெல்லாம் பாட்டிலே ஏற்றி, சிரித்துக்கொண்டே பாடுவாள். அவளுக்கு எழுத்து வாசனை இல்லை. அந்தப் பாட்டுகளில் எது அவள் கட்டியது, எது அவள் தாய் கட்டியது என்று நாங்கள் கேட்டு வைக்கவும் இல்லை.

ஸ்டோவல் தோட்டத்துக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவி வந்து சேர்ந்தது. அப்பாயியின் லயத்துக்கு அத்தகைய கருவி எதுவும் வரவில்லை. ஆயினும் நம்மவர் முற்றாக ஏமாந்து போகவில்லை. மடக்கும்பரையிற் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டந்தோட்டமாகக் கேட்டறிந்த பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்தார். அவரைப் பின்பற்றிப் பலர் உழைத்துள்ளனர். ஏட்டில் எழுதிவைத்தது காக்கப்பட்டது. ஆனால் பாட்டு என்பது ஏட்டில் வாழும் பொருளன்று. பாடினால்தான் அது பாட்டு.

எங்கள் தோட்டத்து இளைஞர் ஐவர் ஓர் இசைக்குழு வைத்திருக்கின்றனர். தம்பியின் பேரன் அதிற் கிட்டார் வாசிக்கின்றான். மாரியம்மன் திருவிழாவிலும் கலியாண வீடுகளிலும் அவர்கள் பாடுவதெல்லாம் சினிமாப் பாட்டு. மடி வாட்டர்ஸின் வரலாற்றைப் படித்து முடித்த அன்று, "திருவிழாவில் நம் தோட்டத்துப் பாட்டு ஒன்றையும் பாடலாமே" என்றேன்.

"சிரிப்பாங்க தாத்தா" என்றான் ஒருவன்.

"மிசிசிப்பியிலும் சிரித்திருப்பார்கள்" என்றேன்.

அப்பாயியின் பாட்டு ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். கிட்டாரும் கீபோர்டும் இசைந்துவிட்டன. ஆனால் அடி பொருந்தவில்லை. அப்பாட்டுக்குத் தப்பொலி வேண்டும் என்பது அனைவர்க்கும் விளங்கிற்று. அங்கேதான் பேச்சு நின்றது. ஐவரில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தப்படித்தவர். விடியற்காலையிற் பெரட்டுக்கு ஆள் எழுப்பியது அவர்கள் தப்பு. சாவு வீட்டில் முன்னே சென்றதும் அவர்கள் தப்பு. தோட்டம் முழுவதும் அந்த ஓசையைக் கேட்டு எழுந்தது, ஆடியது, அழுதது. ஆனால் அடித்தவர்களைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தியே வைத்தது. "அந்தக் கோலை நீ தொடக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு" என்றான் அவன். அத்தகப்பன் கூறியது முற்றிலும் நியாயம். ஒருவருடைய வாத்தியத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு, அவரை வாசலில் நிறுத்திவைப்பதும், பாடியவர் பெயரை உறையிலிருந்து நீக்குவதும் ஒரே குற்றத்தின் இரண்டு வடிவங்கள். கடலுக்கு அப்பால் நடந்ததைக் கண்டு நாம் நெற்றியைச் சுருக்குவது எளிது.

இளைஞர்கள் தாமே ஒரு முடிவுக்கு வந்தனர். ஐவருமாக அந்தத் தகப்பனாரின் வீட்டுக்குச் சென்றனர். வெற்றிலை பாக்குப் பழத்தோடு தட்டை நீட்டி, "எங்க அஞ்சு பேருக்கும் சொல்லிக் கொடுங்க ஐயா. ஒருத்தன் மட்டும் அடிக்கமாட்டான், ஆளுக்கு ஒரு பாட்டா மாறி மாறி அடிப்போம்" என்று கேட்டனர். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பின்பு உள்ளே சென்று, பரணிலிருந்த தப்பை எடுத்துவந்து, நெருப்பிற் காய்ச்சத் தொடங்கினாராம். மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் அவர் வீட்டு முற்றத்தில் அவர்கள் பயின்றனர். அங்கே பிற லயத்துப் பிள்ளைகளும் வந்து அமரத் தொடங்கினர். அவ்வீட்டிலே தேநீர் அருந்தாத குடும்பத்துப் பிள்ளைகளும் அருந்தினர்.

திருவிழாவில் ஆறு பாட்டுகள் பாடினார்கள். நான்கு சினிமாப் பாட்டு. ஒன்று பேரனும் தோழரும் கட்டிய புதுப்பாட்டு. கொழும்புக் கடையில் வேலைபார்க்கும் அண்ணன் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவதைப் பற்றியது. இறுதியில் அப்பாயியின் பாட்டு. பாடுவதற்கு முன் பெயர் கூறவேண்டுமே, யார் பெயரைக் கூறுவது என்று அவர்கள் என்னிடம் கேட்டிருந்தனர். அப்பாயி பெயரைச் சொல்லலாம் என்றால், அவளுக்கு முன் பாடியவர்களுக்கு அது அநீதி. பெயர் தெரியாது என்று விட்டுவிடலாம் என்றால், பழைய இசைத்தட்டு உறையில் நடந்த கதைதான். ஆகவே ஒலிபெருக்கியில் இவ்வாறு அறிவித்தனர்: "இப்பாட்டை ஆக்கியவர்கள், இந்த மலைகளிற் கொழுந்து பறித்த பெண்கள். இதன் அடியை எங்களுக்குக் கற்பித்தவர், எங்கள் ஆசிரியர்." அந்தத் தகப்பனாரின் பெயரை முழுமையாகவும் மரியாதையாகவும் கூறி, அவரை மேடைக்கு அழைத்து நாற்காலியில் அமர்த்தினர்.

முதலடிக்குச் சிலர் சிரித்தனர். இரண்டாவது அடியைப் பேரன் தொடங்குமுன்பே, முன்வரிசையிற் குந்தியிருந்த முதிய பெண்கள் நால்வர் அதனைப் பாடிவிட்டனர். அவர்கள் பாடியது எங்கள் பாடத்தினின்றும் சற்று வேறுபட்டிருந்தது. எங்களுடையதைக் காட்டிலும் நன்றாகவும் இருந்தது. பேரன் நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை அவர்கள் பக்கம் நீட்டினான்.

மாணவ மணிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கக்கூடும். உங்கள் கையிலுள்ள தொலைபேசியிலே ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கின்றது. லோமக்ஸ் பாரமான கருவியைச் சுமந்துசென்று செய்த வேலையை நீங்கள் அடுப்பங்கரையிலிருந்தே செய்துவிடலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள். பாட்டோடு, அதனை யாரிடம் கேட்டுப் பழகினாள் என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். உங்கள் சொந்தப் பாட்டுகளை ஊக்கத்தோடு பாடுங்கள், பதினொன்று பாடுங்கள். பன்னிரண்டாவதாக ஒன்றை அவளுக்கு வையுங்கள்.